தூம்பை அடைத்த வீடு

கார்த்திகை அடைமழை விட்டு நாலு நாள் ஆச்சு. வயலில் சம்பா தலை நிமிர்ந்துவிட்டது. வாசலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. எங்க வீட்டுக் கூடத்துச் சுவர் மட்டும் இன்னும் காயவில்லை. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு. அதற்குக் கீழே பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. விரலால் தொட்டால் பொலபொலவென்று கொட்டுது. உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாய் உப்பு.

இது மூணாவது தடவை. 2019-ல் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினோம். 2022-ல் கடைக்காரர் கொடுத்த, தண்ணி தாங்கும் மருந்தைக் கலவையில் கலந்து இன்னொரு தடவை பூசினோம். ரெண்டு தடவையும் அடுத்த ஐப்பசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப மகன் சொல்றான், "அப்பா, இதுக்கு மேல இதுல காசு கொட்ட வேணாம். பழைய கட்டை இடிச்சுத் தள்ளிட்டுப் புதுசா எழுப்பிடலாம். லோன் கெடைக்கும்." அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. அவன் பிள்ளைக்கு ராத்திரி பூராவும் இருமல். பூசணம் பூத்த சுவருக்குப் பக்கத்தில்தான் தொட்டில் கட்டியிருந்தது.

இடிக்கிறதுக்கு முன்னால, இந்த மனைக்குள்ள தண்ணி எப்பெல்லாம் வந்துச்சு, எப்படி வெளியில போச்சுன்னு ஒரு தடவை எழுதிப் பார்த்துடலாம்னு உக்காந்தேன். நெல்லும் உரமும் பத்தி எழுதுற இடத்துல இது என்னடா சுவர்க் கதைன்னு நினைக்காதீங்க. டெல்டாவில் வீட்டுக் கதையும் தண்ணிக் கதைதான்.

எங்க ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூணாகப் பிரியும். அதில் ஒரு கிளையான கோரையாற்றுப் பாசனம் எங்களுக்கு. மண் சுத்தக் களி. மழையில் ஊதும், கோடையில் கை நுழையுற அளவுக்கு வெடிக்கும். இந்த மண்ணில் எந்தச் சுவரும் ஆடாமல் அசையாமல் நிற்காது. பழைய ஆட்களுக்கு அது தெரிஞ்சிருந்தது.

கொள்ளுத்தாத்தா காலத்தில் இந்த மனையில் இருந்தது கூரை வீடு. மண்சுவர், மூங்கில் வாரை, மேலே கீற்று. கூரை வீடு என்றாலே ஏழை வீடு என்று மட்டும் நினைக்கிறோம். தண்ணியைப் பொறுத்தவரை அது ரொம்பக் கணக்கான வீடு. கூரை நல்ல செங்குத்துச் சரிவு. சரிவு குறைஞ்சா தண்ணி கீற்றில் நின்று ஊறி உள்ளே இறங்கும். இறவாரம் கீழே தாழ்ந்து வந்து, உள்ளே நுழையறவன் குனிஞ்சுதான் நுழையணும். அது சாமிக்குக் கும்பிடு போடுறதுக்காக இல்லை, சாரல் சுவரில் படாமல் இருக்க. சுவரின் அடியை ஒட்டித் திண்ணை. உக்காரப் பேசப் படுக்க எல்லாத்துக்கும் ஆச்சு, ஆனா அதோட முதல் வேலை சுவரோட காலைக் காப்பாத்துறது. மண்சுவருக்கு எமன் மேலிருந்து வருவதைவிட அடியிலிருந்துதான் வருவான். மூணு நாள் அடியில் தண்ணி நின்றால் சுவர் அப்படியே மடங்கி உக்காந்துவிடும்.

அடுப்புப் புகைக்கும் வேலை இருந்தது. புகை ஏறி ஏறிக் கீற்று கறுத்துப் போகும், பூச்சி அண்டாது, சீக்கிரம் மக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூரை மேயணும். ஆடிக்குள்ள கீற்று முடைஞ்சு அடுக்கி வைக்காத வீட்டைப் பார்த்து ஊரே சிரிக்கும். தரை மண் தரை. ஒழுகின தண்ணியைத் தரை குடிச்சுக்கும். மறுநாள் சாணி போட்டு மெழுகினால் கதை முடிஞ்சது.

இங்கே ஒண்ணு சொல்லிக்கிறேன். கீழடியில் தோண்டி எடுத்த கூரை ஓடுகளைப் படத்திலாவது பார்த்திருப்பீங்க. ஈரமாக இருக்கும்போதே அதில் விரலால் இழுத்துப் பள்ளம் போட்டிருக்கிறார்கள், மழைத்தண்ணி அந்த வழியே வழிந்து ஓட. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் ஓட்டில் விரலை வைக்கும்போதே மழைக்கு வழி சொல்லியிருக்கார். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் எங்க தாத்தாவின் விரல்தான் ஞாபகம் வந்தது. கொல்லைப் பாத்தியில் தண்ணி போகவில்லை என்றால் மண்வெட்டிக்குப் போகமாட்டார். விரலாலேயே ஒரு கோடு இழுத்து விடுவார்.

1952 நவம்பர் 30-ஆம் தேதி நாகப்பட்டினம் பக்கம் ஒரு புயல் கரை ஏறியது. பழைய ஆட்கள் எல்லாத்துக்கும் அதை வச்சுத்தான் வயசு கணக்குச் சொல்வார்கள், "புயலுக்கு மறு வருஷம் பொறந்தவ" என்று. அன்னைக்கு ராத்திரி எங்க கூரை மொத்தமாகப் பறந்து போனதாக அப்பாயி சொல்லும். மோட்டுவளை வடக்குத் தெருக் குளத்தில் கிடந்ததாம். கூரை போனதும் மழை நேராக மண்சுவரின் தலையில் இறங்கியது. விடியறதுக்குள் ரெண்டு சுவர் விழுந்துடுச்சு.

அதற்குப் பிறகு தாத்தா மூணு வருஷம் பாடுபட்டுக் கட்டியதுதான் இப்ப ஓதம் ஏறி நிற்கிற இந்த வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும். ஊரிலேயே சூளை போட்டு எடுத்த கல். சுண்ணாம்பு கடற்கரைப் பக்கத்துக் கிளிஞ்சல். அதைச் சுட்டு, குழியில் போட்டுத் தண்ணி ஊத்தித் தாளித்து, வாரக்கணக்கில் ஊற வைப்பார்கள். வட்டமாக ஒரு பள்ளம் வெட்டி, அதில் கல் உருளையை மாடு கட்டி இழுத்து மணலோடு அரைப்பார்கள். பூச்சுக்குக் கடுக்காய் ஊறின தண்ணி, வெல்லத் தண்ணி. கடுக்காய்த் தண்ணி வாசம் மூணு மாசம் வீட்டை விட்டுப் போகலை என்று அப்பாயி புலம்பும்.

ஓட்டில் தாத்தா கொஞ்சம் கஞ்சம் பிடித்தார். தெருப்பக்கம் சீமை ஓடு, உள்கட்டு பூராவும் நாட்டு ஓடு. நாட்டு ஓடு எங்க ஊர்க் குயவர் செய்தது. சக்கரத்தில் குழாய் மாதிரி வனைந்து, காயறதுக்கு முன்னால் நெடுக்காகக் கீறி ரெண்டாக்கிச் சுடுவது. ஒண்ணு மல்லாக்க, ஒண்ணு கவுத்து. பூனை ஓடினால் நகரும், குரங்கு வந்தால் சொல்லவே வேண்டாம். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஏறி மாத்தியாகணும். சீமை ஓடு ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். 1841-ல் பிரான்சில் கிலார்டோனி என்ற சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய ஓட்டு வகையின் வாரிசு. நம்ம நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தது பாசல் மிஷன்காரர்கள், 1865-ல் மங்களூரில் நேத்ராவதி ஆற்றங்கரையில் ஆலை போட்டார்கள். அதனால்தான் நம்ம ஊரில் அதுக்கு மங்களூர் ஓடு என்று பேர் நிலைத்தது.

ஓடு எதுவானாலும் ஒழுகும். அதை யாரும் அவமானமாக நினைக்கலை. மழை வலுத்ததும் அப்பாயி ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பாத்திரம் வைக்கும். நெல் அவிக்கிற அண்டா ரேழிக்கு, குண்டான் பூசை மாடத்துக்கு, எனக்குப் பிடித்த பித்தளைச் செம்பு படுக்கைக்குப் பக்கத்தில். டிங், டொங் என்று ராத்திரி பூராவும் சத்தம் வரும். பாத்திரம் நிறைஞ்சால் முத்தத்தில் ஊத்திட்டு மறுபடி வைக்கணும்.

இந்த முத்தத்தைப் பத்திக் கொஞ்சம் நின்னு சொல்லணும். இப்ப வீடு கட்டுறவங்க மழையை வெளியில் நிறுத்தப் பார்க்கிறாங்க. தாத்தா வீட்டில் நாலு பக்கத்துக் கூரைத் தண்ணியும் வீட்டு நடுவில் கொட்டியது. வேணும்னே மழையை உள்ளே கூப்பிட்டார்கள். ஏன்னா அதுக்குப் போற வழியும் கட்டியிருந்தார்கள். முத்தத்தின் ஈசான மூலையில் ஒரு தூம்பு. வாய் ஒரு சாண் அகலம், கருங்கல்லில் தொளை போட்டது. அங்கிருந்து தரைக்கு அடியில் செங்கல் வச்சுக் கட்டின வழி, கூடத்துச் சுவருக்குக் கீழே புகுந்து, கொல்லையில் வெளிவந்து, வாய்க்காலில் சேரும். மழைக்காலத்தில் அந்தத் தூம்பு வழியாகக் கெண்டைக் குஞ்சு முத்தத்துக்கு ஏறி வரும். நான் துண்டைப் போட்டுப் பிடிச்சிருக்கேன். ஆடி மாசம் வாய்க்காலில் தண்ணி வர்றதுக்கு முன்னால் தூம்பில் மூங்கில் கழி விட்டுக் குத்திச் சுத்தம் பண்றது என் அப்பா வேலை. அவருக்கு முன்னால் அது தாத்தா வேலை.

1977 நவம்பர் 12. எனக்கு ஒன்பது வயசு. தீபாவளி முடிந்த கையோடு வந்த புயல். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே அதிகாலையில் கரை கடந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் காத்து விசிலடிக்க ஆரம்பிச்சது இன்னும் காதில் இருக்கு. ஓடு ஒவ்வொன்றாகக் கழன்று முத்தத்தில் விழுந்து உடைந்தது. வாய்க்கால் நிறைஞ்சு, தூம்பு வழியாகத் தண்ணி எதிர்த்து உள்ளே வந்தது. அப்பா சாக்கில் வைக்கோலைத் திணித்துத் தூம்பு வாயில் வச்சு, மேலே அம்மிக்கல்லைப் போட்டார். அது வழக்கம்தான். ஆறு ஏறும்போது அடைக்கிறது, வடியும்போது திறக்கிறது.

அந்த ராத்திரியில் இன்னொண்ணும் நடந்தது. எங்க தெரு மேட்டில் இருக்கு. தெற்குத்தெரு பள்ளத்தில், வயலை ஒட்டி. அது தற்செயல் இல்லை. மேட்டில் யார் இருக்கணும், பள்ளத்தில் யார் இருக்கணும் என்பது எங்க தாத்தாக்களுக்கும் முன்னாடியே முடிவான சங்கதி. பண்ணையில் வேலை செய்தவர்கள் குடியிருந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்ததே 1971-ல்தான். மனை கைக்கு வந்தது, பள்ளம் பள்ளமாகவே இருந்தது. ஆக, தண்ணி எங்க திண்ணையைத் தொடும்போது அங்கே இடுப்பளவு. குழந்தை குட்டியைத் தூக்கிக்கொண்டு முப்பது நாப்பது பேர் எங்க வாசலுக்கு வந்தார்கள். தாத்தா மாட்டுக் கொட்டகையைக் காட்டினார். கொட்டகைக் கூரையில் பாதி அப்பவே பறந்து போயிருந்தது. அப்பாயி யாரையும் கேட்கலை. நேராகப் போய்த் தெருக்கதவைத் திறந்தது. "பச்ச புள்ளைங்கள வச்சுக்கிட்டு நிக்கிறாளுவோ, உள்ள வாங்கடி" என்றது. தாத்தா ஒண்ணும் பேசலை. ரேழி மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உக்காந்துகொண்டார்.

மூணு நாள் கழிச்சுத் தண்ணி வடிந்தது. எல்லோரும் போனதும் தாத்தா கூடத்தை ரெண்டு தடவை சாணித் தண்ணி தெளித்துக் கழுவச் சொன்னார். வெள்ளச் சேறுக்காகத்தான் என்று அன்னைக்கு நினைச்சேன். சேறு ஒரு தடவையிலேயே போயிடுச்சு என்பது இப்பதான் உறைக்குது.

அந்த வெள்ளத்துக்கு அப்புறம் அப்பாயி செய்தது ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கு. முதலில் பத்தாயம். அடியில் தண்ணி புகுந்து, குறுவை நெல் கீழ் ஒரு முழத்துக்கு ஊறிப்போயிருந்தது. ரெண்டு நாள் விட்டால் முளைக்கும், புளிச்ச நாத்தம் அடிக்கும். நெல்லை அள்ளி அப்பவே அண்டாவில் போட்டு அவித்தது. அவித்துவிட்டால் முளைக்காது. வெயில் கண்டதும் காயப்போட்டு அரிசியாக்கிவிடலாம். விதைநெல் கோட்டை கட்டிப் பரணில் இருந்ததால் தப்பியது. அடுத்து பத்திரப் பெட்டி. டிரங்குப் பெட்டிக்குள் தாத்தாவின் கிரயப் பத்திரமெல்லாம் கூழாகிற நிலையில். அதை வெயிலில் போடக்கூடாது என்று அப்பாயிக்கு யார் சொன்னார்களோ, ஒவ்வொரு தாளாகப் பிரித்து நிழலில், தாழ்வாரத்தில் கட்டின கயிற்றில் வேட்டியை விரித்து அதன்மேல் போட்டது. மை கொஞ்சம் ஊறியிருக்கு, ஆனால் எழுத்து போகலை. அந்தப் பத்திரத்தைக் காட்டித்தான் போன வருஷம் நான் கூட்டுறவுக் கடன் வாங்கினேன்.

சுவரை மட்டும் அப்பாயி ஒண்ணும் செய்யலை. கதவு ஜன்னலைத் திறந்து போட்டதோடு சரி. இடுப்பளவு நனைந்த சுவர் மாசி மாசம் தானாகக் காய்ந்தது. பங்குனியில் வெள்ளை அடித்தார்கள். அவ்வளவுதான்.

இனிமேல் சிமெண்ட் கதை. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்கிற கொத்தனார் 1824-ல் காப்புரிமை வாங்கின பொருள். இந்தியாவில் முதல் முயற்சி நம்ம சென்னையில்தான், 1904-ல், கிளிஞ்சலை வைத்து. நிலைக்கலை. 1914-ல் போர்பந்தரில்தான் ஒழுங்காக உற்பத்தி வந்தது. நம்ம பக்கம் 1939-ல் திருச்சிக்கு அந்தப் பக்கம் கல்லக்குடியில் டால்மியா ஆலை. ஊர்ப் பேரையே டால்மியாபுரம் ஆக்கியதை எதிர்த்து 1953-ல் தண்டவாளத்தில் தலைவைத்துப் போராட்டம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த அரசியல். ஆனால் எங்களை மாதிரி ஆட்களுக்குச் சிமெண்ட் கைக்கு எட்டியது ரொம்பத் தாமதமாக. அரசுக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் பர்மிட் இல்லாமல் மூட்டை கிடைக்காது. 1982-ல் பாதியும், 1989 மார்ச்சில் முழுசாகவும் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். கடைக்குக் கடை மூட்டை அடுக்கினார்கள். ரெண்டே வருஷத்தில் எங்க தெருவில் நாலு ஓட்டு வீடு தளவீடு ஆச்சு.

அப்பா 1991-ல் கட்டினார். முன்கட்டு ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்டார். முத்தத்தையும் மூடித் தளம் போட்டு ஹால் ஆக்கினார். தளம் போட்ட அன்னைக்குத் தெருவுக்கே சாப்பாடு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வருஷா வருஷம் ஓட்டு மேல் ஏறினவர் அவர். 77-ல் ராத்திரி பூராவும் அம்மிக்கல்லை அழுத்திப் பிடிச்சுகிட்டு உக்காந்தவர் அவர். இனிமே ஒரு சொட்டு உள்ளே வரக்கூடாது என்று அந்த மனுஷனுக்கு இருந்த வெறி, ஒழுகாத வீட்டில் பிறந்தவர்களுக்குப் புரியாது. உள்சுவரில் இருந்த சுண்ணாம்புக் காரையையெல்லாம் கொத்தித் தள்ளிவிட்டு, வழவழவென்று சிமெண்ட் பூசச் சொன்னார். தரைக்கு மொசைக். தூம்பு வாயில் செங்கல் ஜல்லியைக் கொட்டி, அதன்மேலும் ஒரு பூச்சு. தெருவிலேயே முதல் மொசைக் எங்க வீடு.

அதே சமயத்தில் தெருவும் ஏறிக்கொண்டே வந்தது. என் சின்ன வயசில் தெருவிலிருந்து திண்ணைக்கு நாலு படி. கப்பி ரோடு போட்டபோது ஒரு படி போச்சு. தார் ரோட்டில் ஒண்ணு, அதுக்கு மேலேயே சிமெண்ட் ரோட்டில் இன்னொண்ணு. பழசைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் வேற என்ன ஆகும்? இப்ப ஒரே படி. வீட்டை யாரும் இறக்கலை, ஆனா வீடு பள்ளத்துக்குப் போயிடுச்சு.

2008 நிஷா புயலில் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எங்க பக்கமும் வானம் பொத்துக்கிட்டதுதான். அந்த மழையில்தான் முதன்முதலாகக் கூடத்துச் சுவரில் கோடு விழுந்தது. புதுத் தளமும் பழைய ஓடும் சேருகிற இடத்திலிருந்து ஒழுகுதுன்னு நினைச்சுத் தார்ச்சீட் ஒட்டினோம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா. உள்கட்டு நாட்டு ஓடு மொத்தமும் போச்சு, கொல்லையில் இருந்த தென்னை பதினாலில் பன்னிரண்டு சாய்ந்தது. முன்கட்டுத் தளம் அசையலை. அன்னைக்கு நாங்க உயிரோட உக்காந்திருந்தது அப்பா போட்ட கான்கிரீட்டுக்குக் கீழேதான். இதையும் எழுதித்தான் ஆகணும். பழசெல்லாம் பொன்னு என்று பேசுகிறவர்கள் ஒரு புயல் ராத்திரியை ஓட்டுக்குக் கீழே கழிச்சுப் பார்க்கட்டும். ஓடு போன இடத்தில் இப்ப தகரம்.

போன திங்கக்கிழமை தெற்குத்தெருப் பெரியவரைக் கூப்பிட்டேன். எழுபது வயசு தாண்டிய கொத்தனார். இளவட்டமாக இருந்தபோது சுண்ணாம்பு வேலை பழகினவர், எங்க பக்கம் இப்ப அந்த வேலை தெரிந்த கை அவருடையது ஒண்ணுதான். வந்தவர் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கலை. கோட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "தம்பி, செவரு வெளக்குத்திரி மாதிரி. அடியில ஈரம் இருந்தா இழுத்துக்கிட்டேதான் இருக்கும். சுண்ணாம்பா இருந்தா அப்பப்ப காத்துல விட்ரும். நீங்க ரெண்டு பக்கமும் சிமெண்டப் பூசிப் போத்திவிட்டீங்க. அது எங்க போவும்? மேலதான் ஏறும்." உப்பு எங்கிருந்து வருதுன்னு கேட்டேன். மண்ணிலும் கல்லிலும் இருக்கிற உப்பைத் தண்ணி கரைச்சுக்கிட்டு ஏறுது, பூச்சுக்குப் பின்னால் தண்ணி காஞ்சதும் உப்பு கல்லாகி ஊதித் தள்ளுது என்றார். பூச்சு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பெரிய பத்தையாக விழுமாம். ரெண்டு தடவை பார்த்தாச்சே.

"அடியில இவ்வளவு ஈரம் ஏது? இங்க ஏதாச்சும் பழைய கெணறு, தொட்டி இருந்துச்சா?" என்றார். எனக்கு அப்பதான் பொறி தட்டியது. சுவரோரம் மொசைக்கை ஒரு முழத்துக்கு உடைச்சோம். ரெண்டடி தோண்டினதும் தாத்தாவின் செங்கல் வழி. மேல் கல்லை நெம்பினால், உள்ளே கரு கருவென்று தண்ணி ததும்பி நிக்குது. முத்தத்துப் பக்கம் அப்பா அடைத்தது. கொல்லைப் பக்கம் பங்காளி வீட்டுக் குளியலறையின் அஸ்திவாரம் அதன் வாய்மேலேயே உக்காந்திருக்கு. நடுவில் மாட்டின வழிக்குள் நாலு பக்கமும் ஊறி வரும் தண்ணி சேர்ந்துக்கிட்டே இருந்திருக்கு, நிக்கிற இடம் நேராகக் கூடத்துச் சுவருக்கு அடியில். முப்பது வருஷத்துக்கு மேல் நாங்க ஒரு தொட்டித் தண்ணிக்கு மேல் பாய் விரிச்சுப் படுத்திருக்கோம்.

பெரியவர் டீயைக் குடிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னார். "உங்க செவுரு அழுவுதுன்னு கூப்பிட்டீங்க. எங்க தொகுப்பு வீட்டுல படுத்தா தலைக்கு மேல கம்பி தெரியுது தம்பி." போய்ப் பார்த்தேன். உண்மைதான். கம்பிக்குக் கீழே ஒரு விரல் கனம்கூடக் கலவை இல்லாமல் போட்ட தளம். எங்க பக்கத்து உப்புத் தண்ணியில் குழைத்தது. கம்பி துருப்பிடித்து ஊதி, காரையைப் பெயர்த்துத் தள்ளுது. 2010-ல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்குவோம் என்று அறிவித்தபோது இதே தெருவில் வாணம் விட்டார்கள், நானும் கைதட்டினேன். கஜாவில் அந்தத் தளங்கள்தான் அவர்களைக் காப்பாற்றியது. ஆனால் தெரு அதே பள்ளம். ரோடு அங்கேயும் ஏறியிருக்கு. 77-ல் அவர் தம்பியைத் தோளில் வச்சுக்கிட்டு எங்க வாசலுக்கு வந்தவர்களில் ஒருத்தராம். கூடம் கழுவினது ஞாபகம் இருக்கான்னு நான் கேட்கலை. அவரும் சொல்லலை. "ஆயா சுடுகஞ்சி ஊத்துனாங்க" என்று மட்டும் சொன்னார்.

வேலை இப்படி முடிவாகியிருக்கு. இடிக்கப் போறதில்லை. மகன் முழுசாக ஒத்துக்கலை. ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறான், அது போதும். கூடத்துச் சுவரில் நெஞ்சு உயரத்துக்குச் சிமெண்டைக் கொத்தி எடுத்தாச்சு. செங்கல்லைத் தேங்காய்நார்க் குச்சியால் தேய்த்து உப்பை உதிர்த்து, உதிர்ந்ததை வெளியில் கொண்டு போய்க் கொட்டணும், சுவரடியிலேயே விட்டால் மறுபடி கரைந்து ஏறும். சித்திரை வரைக்கும் சுவர் அம்மணமாக நிக்கும். பொங்கலுக்கு வர்ற சொந்தக்காரங்க என்ன நினைச்சாலும் சரி. அதுக்குள்ள கொல்லையில் குழி வெட்டிச் சுண்ணாம்பு தாளித்துப் போட்டுடணும். கடுக்காய் மன்னார்குடி நாட்டுமருந்துக் கடையில் சொல்லி வச்சிருக்கேன். பெரியவரோட போய் அவர் வீட்டுத் தளத்தை முதலில் பார்க்கிறதுன்னும் பேச்சு. ஒண்ணும் இல்லைன்னா கம்பித் துருவைத் தேய்த்து, உதிர்கிறதைத் தட்டி எடுத்துட்டுப் பூசவாவது செய்யணும். பேரப்பிள்ளைகள் அதுக்குக் கீழேதான் படுக்குது.

பாக்கி இருப்பது தூம்பு. தண்ணியை மோட்டார் வச்சு இறைச்சோம், ரெண்டே நாளில் பாதி ஊறிவிட்டது. போற வழி இல்லாமல் சரிப்படாது. பங்காளி என் சித்தப்பா மகன். 2003-லிருந்து வேலித் தகராறில் அவனோட எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. நேத்து சாயந்தரம் போய் அவன் வாசலில் நின்னேன். "வா தம்பி"ன்னு கூப்பிட்டு, நம்ம தாத்தா தூம்பு உன் குளியலறைக்குக் கீழே மூச்சு முட்டிக் கிடக்குன்னேன். அவன் சிரிக்கலை. உள்ளே போய் விளக்கு எடுத்துட்டு வந்து, அவன் வீட்டுக் குளியலறைச் சுவரைக் காட்டினான். அங்கேயும் இடுப்பு உயரத்தில் அதே கோடு.

குளியலறையை உடைக்க வேணாம், கொல்லை வேலியோரமாகச் சுத்தி வாய்க்காலுக்குக் குழாய் கொண்டு போகலாம்னு பேசியிருக்கோம். எந்தப் பக்கம் வேலின்னு ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை. ஆறு அங்குலக் குழாய் போதுமாண்ணே என்று கேட்டான். தாத்தா வச்சது ஒரு சாண். ஒன்பதே போட்டுடலாம்னு சொல்லியிருக்கேன்.